கட்டைவிரலில் மிளகாய்த்தூள்

என் மகள் முறுக்கை முன்பல்லால் கடித்து நான் பார்த்தது அவளுக்கு 15 வயதான பிறகுதான். அதுவரை முறுக்கைக் கடைவாய்ப் பக்கம் தள்ளி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நாய்க்குட்டி எலும்பைக் கடிக்கிற மாதிரி கடிப்பாள். வேறு ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் வீடு இருப்பது ஈப்போ நகரின் புந்தோங்கில், கம்போங் கச்சாங் பூத்தேவுக்கு இரண்டு சந்து தள்ளி. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கடலையும் பட்டாணியும் வறுத்து, முறுக்குப் பிழிந்து, தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் கொண்டுபோய் விற்று உண்டாக்கிய இடம் அது. என் அம்மா அங்கே முறுக்குப் பிழியக் கூலிக்குப் போனவள். அவளுடைய பேத்திக்கு முறுக்குக் கடிக்க வரவில்லை.

பல்லை இறுகக் கடித்தாலும் அவளுக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்னால் சேராது. நடுவில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல். ஈப்போ தவுகே என்று ஊரே வரிசையில் நின்று சாப்பிடுகிறதே, அந்தக் குட்டையும் குண்டுமான பயற்று முளை எங்கள் புந்தோங்கில் வளர்வதுதான். அதைக்கூட அவளால் நறுக்கென்று கடித்துத் துண்டாக்க முடியாது. கொய்த்தியா நூடுல்ஸையும் தவுகேயையும் முழுசாக உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொள்வாள். “சத்தம் போடாம சாப்பிடு” என்று அதற்கும் ஒரு திட்டு என்னிடமிருந்து போகும்.

பல் மருத்துவர்கள் இதைத் ‘திறந்த கடி’ என்கிறார்கள். அவளுக்கு அது இருந்ததற்குக் காரணம் கட்டைவிரல். அது அத்தனை வருடம் வாயிலேயே இருந்ததற்குப் பெரும் காரணம் நான். இதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. பல் டாக்டரிடம்கூட “எப்பவோ சின்னப் பிள்ளையில சூப்புனா டாக்டர், எனக்கே சரியா ஞாபகமில்ல” என்று சொன்னவள் நான். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது.

அவள் 1994-இல் பிறந்தாள். நாலாம் மாதமே வலது கட்டைவிரல் வாய்க்குப் போய்விட்டது. வீட்டில் கொண்டாட்டம். ஆலிலைக் கண்ணன் கால் பெருவிரலைச் சுவைத்ததைப் பெரியாழ்வாரே ரசித்துப் பாடியிருக்கிறார், இவள் கைவிரலோடு நிறுத்திக்கொண்டாளே என்று சிரித்தோம். போட்டோ எடுத்து மாட்டினோம். மூன்று வயதிலும் சூப்பினாள். “தானாப் போயிரும்” என்றார்கள். அந்த வயதுக்கு அது தவறான பேச்சும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். பால்பல் இருக்கிற காலத்தில், மூன்று நான்கு வயதுக்குள் விட்டுவிட்டால், கொஞ்சம் விலகிய பல்லும் பெரும்பாலும் தானே ஒழுங்குக்கு வந்துவிடும்.

விஷயமே அதற்கு அடுத்த இரண்டு மூன்று வருடத்தில்தான் இருக்கிறது. பல் என்பது எலும்பில் அறைந்த ஆணி என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது உள்ளேயிருந்து நாக்கும் வெளியேயிருந்து உதடும் கன்னமும் தள்ள, இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தில் நிற்கிறது. கட்டைவிரல் உள்ளே வந்தால் மேல்பல்லை வெளியே நெம்பும், கீழ்ப்பல்லை உள்ளே அமுக்கும். அண்ணாக்கில் இருக்க வேண்டிய நாக்கு விரலுக்கு இடம்விட்டுக் கீழே இறங்கிவிடும். அப்புறம் உறிஞ்சும்போது குழிகிற கன்னத்தைத் தடுக்க உள்ளே ஆளில்லை; மேல்தாடை இரு பக்கமும் நெருக்குண்டு ஒடுங்கிப்போகும். இதற்குப் பெரிய பலம் ஒன்றும் வேண்டாம். மெல்லிய அழுத்தம், நீண்ட நேரம், அவ்வளவுதான். பல் டாக்டர் கம்பி கட்டிப் பல்லை நகர்த்துவதும் இதே கணக்கில்தான். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் அழுத்தம் விழுந்தால் பல் நகரத் தொடங்கும் என்கிறார்கள். பகலில் டிவி பார்த்தபடி ஐந்து நிமிடம் சூப்புவதை நான் விரட்டி விரட்டி அடித்தேன். இரவு முழுக்க, தூக்கத்தில், எட்டு மணி நேரம் அந்த விரல் நிதானமாக வேலை பார்த்தது.

2001-இல் அவளை ஒன்றாம் ஆண்டில் சேர்த்தேன், நான் படித்துக்கொடுக்கும் தமிழ்ப்பள்ளியிலேயே. அங்கேதான் என் புத்தி கெட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் பிள்ளை மக்கு இல்லை, ஆனால் காலை சபைகூடலில் வரிசையில் நின்றுகொண்டு வாயில் விரல் வைத்திருந்தாள். “டீச்சர் பிள்ளை வெரல் சூப்புது” என்று ஒரு பையன் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு வீட்டில் அவளுக்கு விழுந்த அடி அந்தப் பையனுக்காக விழுந்தது. அவளுடைய பல்லைப் பற்றி அப்போது எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை.

அந்த வருடம் பள்ளிக்குப் பல் மிஸ்ஸி வந்தார். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை: மண்டபத்தில் மடக்கு நாற்காலி, ஆண்டு வாரியாக வரிசை, தன் முறை வருமுன்பே அழத் தொடங்கும் பிள்ளைகள், கால்வாய் ஓரம் குவளையோடு உட்கார்ந்து மொத்தமாகப் பல் தேய்க்கும் பாடம். நியூசிலாந்து 1921-இல் தொடங்கிய ஏற்பாடு அது. டாக்டர்கள் போதாத இடத்தில், பிள்ளைகளின் பல்லை மட்டும் பார்க்கத் தாதியருக்குப் பயிற்சி கொடுத்து பள்ளிக்கு அனுப்புவது. அதைப் பார்த்து 1949-இல் பினாங்கில் நம் நாட்டுக்கும் ஒரு பயிற்சிப் பள்ளி வந்தது. அந்த மிஸ்ஸிகள் இல்லாவிட்டால் எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் கிழங்கட்டைகளைப் போல் பொக்கை வாயோடு திரிந்திருப்போம்.

வந்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. என் மகளின் வாயைப் பார்த்துவிட்டு வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலைப் பார்த்தார். மற்ற ஒன்பது விரலிலும் மண்ணும் மையும் இருக்க, அது ஒன்று மட்டும் வெளுத்து, சுருங்கி, முட்டியில் காய்ப்புக் காய்த்திருந்தது. “சிக்குவோட மகளா?” என்று, டீச்சருக்கான மலாய்ச் சொல்லால், தாழ்ந்த குரலில் கேட்டார். நிலைப்பல் இப்போதுதான் மேலே இறங்குகிறது, இந்தச் சமயத்தை விட்டுவிடாதீர்கள், திட்ட வேண்டாம், பெரிய டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள் என்று சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். பக்கத்தில் இரண்டு ஆசிரியைகள் நின்றிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கடிதத்தை வாங்கி, நாள் பாடத்திட்டப் புத்தகத்துக்குள் செருகினேன். அந்தப் புத்தகம் நிறைந்து, அலமாரிக்குப் போய், நாலு வருடம் கழித்துப் பழைய காகிதக்காரனுக்குப் போடக் கட்டும்போது அந்தக் கடிதம் கீழே விழுந்தது. மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

டாக்டரிடம் போகாமல் நான் செய்த வைத்தியத்தைச் சொல்கிறேன். முதலில் வேப்பெண்ணெய். இரண்டு நாள் முகம் சுளித்தாள், மூன்றாம் நாள் பழகிவிட்டாள். பாவக்காய்ச் சாறு அதைவிடச் சீக்கிரமே தோற்றது. அப்புறம் கையில் காலுறை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டேன். காலையில் காலுறை தலையணைக்கடியில் கிடக்கும். ஒரு வாரம் என் துப்பட்டாவால் கையைக் கட்டிலோடு கட்டினேன். இதை எழுதும்போது ‘தளர்வாகத்தான் கட்டினேன்’ என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லி மனசு நச்சரிக்கிறது. தளர்வாகக் கட்டவில்லை.

கடைசியில் மிளகாய்த்தூள். எங்கள் தெருவில் மிளகாய்த்தூளுக்குப் பஞ்சமா? கடலைக்குத் தூவுகிற நல்ல சிவப்புத் தூள், ஒரு சிட்டிகை எடுத்து நல்லெண்ணெயில் குழைத்து, அவள் தூங்கிய பிறகு விரலில் தடவினேன். நகக்கண்ணைச் சுற்றி, முட்டிக் காய்ப்பின் மேல், ஓர் இடம் விடாமல். இரவு இரண்டு மணி இருக்கும். ஒரு சத்தம் கேட்டு எழுந்தேன். அது அழுகைச் சத்தம் மாதிரியே இல்லை. உறக்கத்தில் விரலை வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறாள், எரிந்திருக்கிறது, அதே கையால் கண்ணைக் கசக்கிவிட்டாள். இரண்டு கண்ணையும். தூக்கிக்கொண்டு ஓடி குழாயடியில் தண்ணீரை வாரி வாரி இறைத்தேன். என் கையிலும் அந்தத் தூள் ஒட்டியிருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே ரொம்ப நேரமாயிற்று. கழுவக் கழுவ எரிச்சல் ஏன் கூடுகிறது என்று புரியாமல் அவளையே அதட்டிக்கொண்டிருந்தேன். விடிகிறவரை மடியில் படுத்திருந்தாள், வீங்கிய கண்ணோடு. தூக்கம் வந்ததும் கை எழுந்தது, நடுவழியில் நின்றது, அப்புறம் இடது கட்டைவிரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

ஹைன்ரிச் ஹோஃப்மன் என்ற ஃபிராங்க்ஃபர்ட் டாக்டர் 1845-இல் பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம் போட்டார். அதில் ஒரு கதையில், விரல் சூப்பக் கூடாது என்று பையனிடம் சொல்லிவிட்டு அம்மா வெளியே போவாள். பையன் விரலை வாயில் வைத்த கணத்தில் ஒரு தையல்காரன் பெரிய கத்திரியோடு பாய்ந்துவந்து இரண்டு கட்டைவிரலையும் நறுக்கிவிடுவான். ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதைப் படித்து வளர்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எவ்வளவு கொடூரமாக யோசிக்கிறான் பார் என்று நான் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழாயடி நினைவுக்கு வந்து பேச்சை மாற்றினேன்.

டாக்டருக்குப் பதிலாக முருகனிடமும் போனேன். மறு வருடத் தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோவில் இருக்கும் கல்லுமலைக் கோயில்வரை நடந்தேன். என்ன வேண்டுதல் என்று கேட்டவர்களிடம் “மாமியார் உடம்புக்கு” என்று பொய் சொன்னேன். வெயில் ஏறி, தார் சாலை காலைச் சுட, பாலைச் சிந்தாமல் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், அப்பா தோளில் அரைத் தூக்கத்தில் இருக்கிறாள் என் மகள், கட்டைவிரல் வாயில். அந்தக் கூட்டத்தில், முருகன் சந்நிதிக்கு முன்னால், அதைப் படக்கென்று பிடுங்கினேன். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருத்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

ஒன்பது வயதில் அவள் ஓடிப்பிடித்து விளையாடும்போது லொங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் விளிம்பில் விழுந்து முன்பல்லின் மூலை உடைந்தது. எத்திக்கொண்டு நிற்கிற பல்லுக்குத்தான் அடி முதலில் விழும் என்பது தெரிந்த விஷயம். அதற்கும் ‘பார்த்து ஓடக் கூடாதா’ என்றேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் விரல் சூப்பியவள். பதினோரு வயதுவரை.

செம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 1966-இல் பிறந்தேன். அம்மா விடியுமுன் பெரட்டுக்கு, ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். இருட்டிலேயே என்னைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு பாலெடுக்க மரம் சீவப் போய்விடுவாள். வரிசையாகத் தொங்கும் தூளிகள், ஒரே ஓர் ஆயா, இருபது முப்பது பிள்ளைகள். அழுதால் வருவதற்கு ஆளில்லாத இடத்தில் பிள்ளை தன் கையைத் தானே தேடிக்கொள்ளும். எனக்குக் கிடைத்தது இடது கட்டைவிரல். பிறவியில் நான் இடது கைக்காரி; பள்ளியில் முட்டியில் தட்டித் தட்டி எழுத்தை வலது கைக்கு மாற்றினார்கள். கரு வயிற்றில் இருக்கும்போதே விரல் சூப்புகிறது என்றும், பெரும்பாலும் வலது கட்டைவிரலைத்தான் எடுக்கிறது என்றும், எந்த விரலை எடுக்கிறதோ அந்தக் கைப் பழக்கமே பின்னால் அநேகமாக நிற்கிறது என்றும் பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் என்பவர் ஸ்கேன் படங்களை வைத்துச் சொல்லியிருப்பதைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். எழுத்தை மாற்றியவர்களால் அந்த விரலை மாற்ற முடியவில்லை.

தோட்டத்தை விட்டுப் புந்தோங் வந்த பிறகும் இரவில் போர்வைக்குள் சூப்பினேன். அம்மாவுக்குத் தெரியும். முறுக்கு எண்ணெய் மணக்கும் கையால் என் விரலை மெல்ல எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் ஒரு விரலை என் உள்ளங்கையில் கொடுத்துவிட்டுப் படுப்பாள். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதினோரு வயதில் எப்படி நின்றது என்றே தெரியவில்லை, நின்றுவிட்டது. என் பல் பெரிதாக எத்தவும் இல்லை. சூப்புகிற எல்லாருக்கும் எத்துவதில்லை. சும்மா வாயில் வைத்திருப்பவர் உண்டு, உறிஞ்சி இழுப்பவர் உண்டு, தாடை வாகும் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதை நான் ஒழுக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா 1997-இல் இறந்தாள். மூன்றாம் நாள் இரவு விழிப்பு வந்தபோது என் இடது கட்டைவிரல் வாயில் இருந்தது. எனக்கு வயது 31. பக்கத்தில் மூன்று வயது மகள், அவள் விரல் அவள் வாயில். எடுத்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடியும்வரை எடுக்கவில்லை.

அந்த இரவு நடந்து நாலு வருடம் கழித்துத்தான் மிளகாய்த்தூளைக் குழைத்தேன். எதற்காக அந்த விரல் வாய்க்குப் போகிறது என்று அந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் இருந்திருக்க முடியாது. “அம்மாவும் சூப்பினேண்டா கண்ணு, கஷ்டந்தான், ரெண்டு பேரும் பார்ப்போம்” என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வகுப்பில் போய்ச் சொல்லிவிடுவாள், பள்ளிக்கூடமே சிரிக்கும் என்று பயந்தேன். அவளை அடித்தபோதெல்லாம் நான் அடித்தது ஆயாக் கொட்டகையில் கிடந்த ஒரு பிள்ளையை. வலித்தது இவளுக்கு.

அவளுக்கும் பத்து வயதில் தானாகவே நின்றது. சிநேகிதி வீட்டில் இரண்டு நாள் தங்கப் போனவள், திரும்பி வந்தபின் சூப்பவில்லை. ஆனால் ஜன்னல் மூடவில்லை. விரல் போன இடத்தில் நாக்கு குடியேறியிருந்தது. எச்சில் விழுங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் வந்து முட்டும். பேச்சிலும் அது தெரிந்தது. எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொட வேண்டும், பல்லும் இதழும் சேர்ந்தால் எப்படி வகரம் பிறக்கிறது என்று தொல்காப்பியர் ஒரு பிறப்பியலே எழுதி வைத்திருக்கிறார். அதை ஆசிரியர் பயிற்சியில் மனப்பாடம் செய்தவள் நான். என் வீட்டில் ஒரு பிள்ளை சகரத்தைக் காற்றாக ஊதிக்கொண்டிருந்தாள். ‘தேங்காத் துருவி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து சிரிக்கும்போது கையால் வாயை மூடத் தொடங்கினாள்.

பதின்மூன்று வயதில் கம்பி போட்டோம். அரசாங்க மருத்துவமனையில் காத்திருக்கும் வரிசை நீளம் என்பதால் தனியார் கிளினிக். இரண்டரை வருடம், மாதாமாதம் வெள்ளி எண்ணிக் கொடுத்தது, நோன்பு மாதிரி கச்சாங் பூத்தே விலக்கு, இதையெல்லாம் விரிக்க ஒன்றுமில்லை. நாக்குக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ‘ன’ என்று சொல்ல நாக்கு நுனி எங்கே போய் நிற்குமோ அங்கே வைத்துக்கொண்டு விழுங்கிப் பழக வேண்டும். “ன, ன, ன” என்று அவள் கண்ணாடி முன்னால் நிற்பாள். பல் சேர்ந்தது. சகரம் திரும்பி வந்தது. வாயை மூடும் கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கல்யாண ஆல்பம் முழுக்க, சிரிக்கிற படத்திலெல்லாம், மருதாணிக் கை முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டிருக்கும்.

2022 தீபாவளிக்கு முந்தின வாரம், கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். அம்மாவின் பழைய முறுக்கு அச்சில் நான் பிழிய, அவள் எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தேன், அவளும் சிரித்தாள், மாவுக் கை வாய்க்குப் போனது. அந்த இடத்தில் சொல்லிவிட்டேன். தோட்டம், கொட்டகை, பதினோரு வயது, பாட்டி இறந்த மூன்றாம் இரவு, பாடத்திட்டப் புத்தகத்துக்குள் இருந்த கடிதம், எல்லாவற்றையும், அவள் முகத்தைப் பார்க்காமல், அச்சைப் பார்த்துக்கொண்டு.

ரொம்ப நேரம் எண்ணெய்ச் சத்தம் மட்டும் கேட்டது.

“எந்தக் கை?” என்றாள்.

“இடது.”

என் இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டியில் இருந்த காய்ப்பு மறைந்து எத்தனையோ வருடமாகிறது. மாவைத் தடவி எடுத்துவிட்டுப் பார்த்தாள்.

“மெளகாத்தூளு தடவுனது?”

வலது கையைக் காட்டினேன்.

அதை அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “முறுக்கு கருகுதும்மா,” என்றாள்.